வலையமைப்பைக் காப்போர்

2022ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் காலையில், புதுதில்லியிலுள்ள எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகள் செயலிழந்தன. நாட்டின் பல மூலைகளிலிருந்தும் நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் நாடி வரும் மருத்துவமனை அது. நோயாளியின் பெயரைப் பதிதல், மருத்துவரைக் காண நேரம் குறித்தல், உள்நோயாளியாகச் சேர்த்தல், நலம் பெற்றவரை விடுவித்தல் ஆகிய யாவும் அதுவரை கணினி வழியே நடைபெற்று வந்தன. அன்று முதல் அவை அனைத்தும் தாளும் பேனாவும் கொண்டு செய்யும் பழைய முறைக்குத் திரும்பின. வரிசைகள் நீண்டன. வெளியிலிருந்து யாரோ வலையமைப்பினுள் புகுந்து, அங்கிருந்த தரவுகளை எவரும் திறக்க இயலாதவாறு மறைகுறிகளாக மாற்றிப் பூட்டிவிட்டனர். பெரும்பாலான பணிகள் மீண்டும் கணினிக்கு வர இரண்டு வாரங்கள் ஆயின.

இந்நிகழ்ச்சி குறித்து அரசு பின்னர் நாடாளுமன்றத்தில் விடையளித்தது. அவ்விடையில் நாம் கருதத்தக்க செய்திகள் இரண்டு உள்ளன. வலையமைப்பு முறையாகப் பகுக்கப்படாமல் இருந்தமையே தாக்குதலுக்குக் காரணம் என்பது ஒன்று. பாதிப்படையாத காப்புச் சேவையகம் ஒன்றில் நகல் இருந்தமையால் மருத்துவமனைத் தரவுகள் மீட்கப்பட்டன என்பது மற்றொன்று. கேடு விளைந்ததற்கும் அக்கேட்டிலிருந்து மீண்டதற்கும் உரிய காரணங்கள் இரண்டுமே ஒரு தொழிலைச் சார்ந்தவை. வலையமைப்பு நிருவாகம் என்பது அத்தொழிலின் பெயர். அதற்கு எவ்வாறு பயில்வது என்பதே இப்பாடத்தின் பொருள்.

பள்ளி, வங்கி, தொடர்வண்டி நிலையம், அலுவலகம் என எங்குப் பல கணினிகள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டுள்ளனவோ அங்கெல்லாம் ஒரு வலையமைப்பு உண்டு. ஒரே கட்டடத்திலுள்ள கணினிகளைப் பிணைக்கும் கருவி சுவிட்ச் எனப்படும். ஒரு வலையமைப்பை மற்றொரு வலையமைப்போடு சேர்த்து, செய்திக்கு வழிகாட்டும் கருவி ரவுட்டர். இதனைத் தமிழில் திசைவி என்பர். பலரும் பயன்படுத்தும் தரவுகளையும் மென்பொருள்களையும் ஏந்தி நிற்கும் பெரிய கணினி சர்வர் என்னும் சேவையகம். இவற்றை நிறுவுதல், யாருக்கு எதைத் திறக்க உரிமை உண்டு என வரையறுத்தல், பழுது நேர்ந்தால் கண்டறிந்து நீக்குதல், தரவுகளுக்கு நகல் எடுத்து வைத்தல் ஆகியவை நிருவாகியின் கடமைகள். அவர் பணி செவ்வனே நடக்கும்வரை அவரை யாரும் நினைப்பதில்லை. நின்றுபோன நாளில்தான் அவர் அறைக் கதவு தட்டப்படும்.

இப்பயிற்சி திரையின் முன் தொடங்குவதில்லை, கம்பியில் தொடங்குகிறது. வலையமைப்புக் கேபிளின் உறையை நீக்கிப் பார்த்தால் எட்டு மெல்லிய கம்பிகள் இரண்டிரண்டாக முறுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். இம்முறுக்கு அழகுக்காக அன்று. இணையாகச் செல்லும் இரு கம்பிகளையும் வெளியிலுள்ள மின் இரைச்சல் ஏறக்குறைய ஒரே அளவில் தாக்குகிறது. மறுமுனையிலுள்ள கருவி இரண்டிற்கும் இடையேயான வேறுபாட்டை மட்டுமே படிப்பதால், பொதுவாகச் சேர்ந்த இரைச்சல் நீங்கிவிடுகிறது. தொலைபேசியைப் படைத்த அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881ஆம் ஆண்டிலேயே இம்முறைக்குக் காப்புரிமை பெற்றார்.

இக்கம்பிகளை முனையிணைப்பியில் செருகுவதற்கு ஒரு நிற வரிசை உண்டு. வெள்ளை கலந்த செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளை கலந்த பச்சை, நீலம், வெள்ளை கலந்த நீலம், பச்சை, வெள்ளை கலந்த பழுப்பு, பழுப்பு என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரிசை. பச்சை இணையின் நடுவே நீல இணை அமர்ந்திருப்பதைக் கவனியுங்கள். புதிதாகப் பயில்வோர் பலர், பச்சைக்கு அருகில் பச்சை இருப்பதுதானே முறை என்று எண்ணி, இரு முனைகளிலும் அவ்வாறே அமைத்துவிடுவர். இணைப்பு விளக்கு எரியும். எளிய சோதனைக் கருவியும் சரி என்றே காட்டும். ஆனால், செய்தி செல்லும் இரு கம்பிகள் வெவ்வேறு முறுக்குகளில் பிரிந்துவிட்டமையால் இரைச்சல் நீங்காது. கேபிள் நீளுந்தோறும் பிழைகள் மிகும். விளக்கு எரிவதனாலேயே ஒன்று சரியாக உள்ளது என்று நம்பிவிடக்கூடாது என்பதை மாணவர் முதல் வாரத்திலேயே இவ்வாறு கையால் அறிந்துகொள்கிறார். இவ்வகைக் கேபிள் 100 மீட்டருக்கு மேல் நீளுதல் ஆகாது என்பதும் அப்போதே கற்பிக்கப்படும்.

அடுத்து வருவது முகவரி. வலையமைப்பிலுள்ள ஒவ்வொரு கணினிக்கும் எண்களாலான முகவரி உண்டு. நான்கு எண்கள், இடையிடையே புள்ளி. ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை இருக்கலாம். இம்முறையில் ஏறத்தாழ 430 கோடி முகவரிகளே அமையும். உலக மக்கள்தொகையை நோக்க இது போதாது. எனவே, 192.168 எனத் தொடங்கும் முகவரிகளைப் போலச் சில, எந்த வீட்டிலும் எந்த அலுவலகத்திலும் உள்ளுக்குள் மட்டும் பயன்படுத்திக்கொள்ள ஒதுக்கப்பட்டுள்ளன. உங்கள் வீட்டுக் கணினிக்கும் அடுத்த வீட்டுக் கணினிக்கும் ஒரே எண் இருந்தாலும் இடையூறு நேராதது இதனால்தான். இதனினும் பன்மடங்கு விரிந்த புதிய முகவரி முறையும் இன்று வழக்கிற்கு வந்துள்ளது. பயில்வோர் இரண்டையும் கற்க வேண்டும்.

அனுப்பப்படும் செய்தி முழுமையாகச் செல்வதில்லை. சிறுசிறு பொட்டலங்களாகப் பிரிந்து செல்கிறது. விடுமுறைக்குத் தில்லியிலிருந்து திருநெல்வேலிக்குச் செல்லும் பயணத்தை எண்ணிப் பாருங்கள். நாக்பூரில் வழிகாட்டுபவர்க்குத் திருநெல்வேலியின் தெருக்கள் தெரிய வேண்டியதில்லை. வண்டி அடுத்து எத்திசையில் செல்ல வேண்டும் என்பது தெரிந்தால் போதும். திசைவியும் அத்தகையதே. அது அடுத்த படியை மட்டும் அறியும். ஆயின், இரு திசைவிகள் தவறுதலாக ஒன்றையொன்று கைகாட்டினால் பொட்டலம் முடிவின்றிச் சுற்றுமே! அதனைத் தடுக்க ஒவ்வொரு பொட்டலமும் ஓர் எண்ணைச் சுமந்து செல்கிறது. கடக்கும் ஒவ்வொரு திசைவியும் அதில் ஒன்றைக் கழிக்கும். எண் சுழியானால் பொட்டலம் கைவிடப்படும்.

இவ்வளவும் கற்ற பின்னரே பழுதறிதல் என்னும் உயிரான பகுதி தொடங்குகிறது. 'இணையம் வரவில்லை' என்று ஓர் ஊழியர் கூறுகிறார் எனக் கொள்வோம். பயிற்சி பெறாதவர் உடனே எல்லாவற்றையும் அணைத்து மீண்டும் இயக்குவார். சில வேளைகளில் அது பயன்தரவும் கூடும். ஆனால், பழுது ஏன் நேர்ந்தது என்பதற்கான தடயமும் அதனோடு அழிந்துபோகும். பயிற்சி பெற்றவர் முதலில் வினவுவது, 'உங்களுக்கு மட்டுமா, அனைவர்க்குமா?' என்பது. ஒருவர்க்கு மட்டும் என்றால் கேபிளையும் இணைப்பு விளக்கையும் நோக்குவார். பின்பு கணினியின் முகவரியைக் காண்பார். அது 169.254 எனத் தொடங்கினால், முகவரி வழங்கும் சேவையகத்தை அடைய இயலாமல் கணினி தனக்குத்தானே ஓர் எண்ணைச் சூட்டிக்கொண்டுள்ளது என்று பொருள். முகவரி சரியாக இருப்பின், அருகிலுள்ள திசைவியை எட்ட முடிகிறதா என்று பார்ப்பார். அதன்பின் வெளியிலுள்ள ஒரு முகவரி. இறுதியாக ஓர் இணையதளத்தின் பெயர்.

இவ்வாறு எட்டிப் பார்க்க உதவும் சிறு கட்டளை பிங் எனப்படும். அமெரிக்கரான மைக் மூஸ் இதனை 1983ஆம் ஆண்டு டிசம்பரில் எழுதினார். நீர்மூழ்கிக் கப்பல் ஒலியை அனுப்பி எதிரொலி கேட்கும் முறையிலிருந்து அவர் அப்பெயரை எடுத்தார். 8.8.8.8 என்னும் வெளி முகவரியிலிருந்து எதிரொலி வருகிறது, இணையதளத்தின் பெயரை இட்டால் மட்டும் பக்கம் திறக்கவில்லை என்றால், பாதை கெடவில்லை. பெயரை எண்ணாக மாற்றித் தரும் சேவையில்தான் பழுது என்று முடிவு செய்யலாம். நான்கைந்து வினாக்களில், கட்டடம் முழுவதும் தேட வேண்டிய பழுது ஓரிடத்தில் வந்து நின்றுவிடுகிறது. இந்த ஒழுங்கே பயிற்சியின் பெரும்பயன். கருவிகளின் பெயர்கள் பத்தாண்டில் மாறிவிடும், இவ்வொழுங்கு மாறுவதில்லை.

சில பழுதுகள் இவ்வளவு எளிதில் பிடிபடா. மேசையின் கீழ்த் தொங்கும் கேபிளின் இரு முனைகளையும் யாரோ ஒருவர் நல்லெண்ணத்தோடு ஒரே சுவிட்சில் செருகிவிடுகிறார். அனைவர்க்குமென அனுப்பப்பட்ட ஒரு செய்தி அவ்வளையத்தில் சுழன்று சுழன்று பெருகி, சில நொடிகளில் அலுவலகம் முழுவதையும் முடக்கிவிடும். வளையம் உண்டானால் சுவிட்சுகள் தாமே கலந்து அறிந்து ஒரு வழியை மூடிக்கொள்ளும் நெறிமுறையை 1985ஆம் ஆண்டில் ரேடியா பெர்ல்மன் என்னும் அம்மையார் வகுத்தார். இன்றும் அது பயன்பாட்டில் உள்ளது. எனினும், சிறு கடைகளில் விற்கும் மலிவான சுவிட்சுகள் பலவற்றில் அந்நெறிமுறை இருப்பதில்லை. ஆகவே, மேசையின் கீழே குனிந்து பார்க்கும் பழக்கமும் நிருவாகிக்கு வேண்டும்.

மாற்றங்களைக் குறித்து வைத்தல் மற்றொரு பழக்கம். 2021ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள், இந்திய நேரப்படி இரவு ஒன்பது மணியளவில் வாட்ஸ்அப், முகநூல், இன்ஸ்டகிராம் ஆகியன உலகெங்கும் ஒருசேர நின்றன. ஊரிலுள்ள தாத்தா பாட்டியோடு பேசிக்கொண்டிருந்தோர் பேச்சு அறுபட்டதை உங்கள் வீட்டில் சிலர் நினைவில் வைத்திருக்கலாம். ஏறத்தாழ ஆறு மணி நேரம் அவை திரும்பவில்லை. வழக்கமான பராமரிப்பின்போது இடப்பட்ட ஒரு கட்டளை, நிறுவனத்தின் முதுகெலும்பு போன்ற இணைப்புகள் அனைத்தையும் துண்டித்துவிட்டது என அந்நிறுவனமே பின்னர் விளக்கியது. திறன்மிக்கோர் பணியாற்றும் இடத்திலும் இது நேரும். அதனால்தான் எப்பழுதிலும் நிருவாகி தம்மையே கேட்டுக்கொள்ளும் வினா, 'கடைசியாக எதை மாற்றினோம்?' என்பது. நாளும் நேரமும் இட்டு எழுதிய குறிப்பேடு இருந்தால் விடை உடனே கிடைக்கும்.

இனி, எய்ம்ஸ் நிகழ்ச்சிக்கு மீண்டும் வருவோம். வலையமைப்பைப் பகுத்தல் என்றால் என்ன? பெரிய கப்பலின் அடிப்பகுதியைப் பல அறைகளாகத் தடுத்திருப்பர். ஓர் அறையில் நீர் புகுந்தாலும் மற்றவை காக்கப்படும். அதுபோல வரவேற்பறைக் கணினிகள், ஆய்வகக் கருவிகள், சேவையகங்கள் என ஒவ்வொன்றையும் தனித்தனிப் பகுதியாக்கி, ஒன்றிலிருந்து மற்றொன்றிற்குத் தேவையான வழியை மட்டும் திறந்து வைத்தலே பகுத்தல். இதனைத் திட்டமிட்டுச் செய்தல் கடினம். செய்யாமல் விடுவது மிக எளிது. ஒரே பகுதியாக இருந்தாலும் வலையமைப்பு நாள்தோறும் நன்றாகவே இயங்கும் அன்றோ? அதுவே இதிலுள்ள இடர்.

காப்பு நகலிலும் இத்தகைய மயக்கம் உண்டு. நகல் எடுக்கும் நிரல் இரவுதோறும் தவறாமல் ஓடலாம். அந்நகலிலிருந்து தரவுகளை மீட்டுப் பார்த்தாலொழிய அது நகல்தானா என்பது தெரியாது. மூன்று படிகள், இரு வேறு வகைச் சேமிப்புக் கருவிகள், ஒரு படி வேறோர் இடத்தில் என்று இத்துறையினர் ஒரு கணக்குச் சொல்வர். அவற்றுள் ஒரு படியேனும் வலையமைப்போடு இணைக்கப்படாமல் இருத்தல் நலம்; இணைந்திருப்பின் புகுந்தவர் அதனையும் பூட்டிவிடுவார். நல்ல பயிற்சி நிலையத்தில் மாணவர் அமைத்த சேவையகத்தை ஆசிரியரே வேண்டுமென்று அழித்துவிட்டு, 'மாலைக்குள் மீட்டுத் தருக' என்பார். இத்தகைய தேர்வை ஒருமுறை எதிர்கொண்டவர் வாழ்நாளில் நகலைச் சோதிக்காமல் விடமாட்டார்.

இவற்றை எங்கே கற்பது? பத்தாம் வகுப்பு முடித்தோர்க்கு ஐ.டி.ஐ. எனப்படும் தொழிற்பயிற்சி நிலையங்களில் கணினி வன்பொருள், வலையமைப்புப் பராமரிப்பு குறித்த ஓராண்டுப் பிரிவும், தகவல் தொடர்புத் தொழில்நுட்ப அமைப்புப் பராமரிப்பு என்னும் ஈராண்டுப் பிரிவும் உள்ளன. எல்லா நிலையங்களிலும் இவை இருப்பதில்லை; உசாவி அறிய வேண்டும். அங்கு வழங்கப்படும் தேசியத் தொழிற்சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும். பெற்றோரின் பணி மாறுதலால் ஊர்விட்டு ஊர் செல்லும் குடும்பங்களுக்கு இது பொருட்படுத்தத்தக்க செய்தி. பல்தொழில்நுட்பக் கல்லூரியின் மூன்றாண்டுப் பட்டயம் மற்றொரு வழி. பன்னிரண்டாம் வகுப்பில் கணினி அறிவியல் பயின்றால் வலையமைப்பின் அடிப்படை அங்கேயே அறிமுகமாகும். அதன்பின் கணினிப் பயன்பாட்டியல் பட்டமோ பொறியியல் பட்டமோ பெறலாம். மைய அரசின் நைலிட் நிறுவனம் வன்பொருள் பராமரிப்பிற்கும் பாடப்பிரிவு நடத்துகிறது. பொறியியல் முடித்தோர்க்கு, தகவல் தொழில்நுட்பக் கட்டமைப்பும் பாதுகாப்பும் குறித்த முதுநிலைப் பட்டயத்தை சி-டாக் நிறுவனம் வழங்குகிறது.

ஓர் எச்சரிக்கை. பல மாநிலங்களில் கல்லூரி இடங்களின் பெரும்பகுதி அம்மாநிலத்தில் வாழ்வோர்க்கோ அங்குப் பயின்றோர்க்கோ ஒதுக்கப்படுகிறது. தமிழ்நாட்டிற்கு வெளியே வளரும் உங்களில் சிலர், இங்கும் இல்லை அங்கும் இல்லை என்னும் நிலைக்கு ஆளாகக்கூடும். எனவே, பதினொன்றாம் வகுப்பில் சேரும்போதே இருப்பிடச் சான்று பற்றிய விதிகளைப் பெற்றோரோடு அமர்ந்து படித்துவிடுதல் நன்று. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்த பின்னர்த் தேடினால் காலம் கடந்திருக்கும்.

தனியார் நிறுவனங்களின் சான்றிதழ்களும் இத்துறையில் மதிக்கப்படுகின்றன. சிஸ்கோ நிறுவனத்தின் சி.சி.என்.ஏ. வலையமைப்பிற்கும், ரெட் ஹேட் நிறுவனத்தின் ஆர்.எச்.சி.எஸ்.ஏ. லினக்சுச் சேவையகங்களுக்கும் உரியவை. இரண்டுமே மூன்றாண்டு செல்லத்தக்கவை. பின்னதில் விடைகளைத் தேர்ந்தெடுக்கும் வினாக்கள் இல்லை; இயங்கும் கணினியைத் தந்து, குறித்த பணிகளை முடிக்கச் சொல்வர். அதனாலேயே அதன் மதிப்பு மிகுதி என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. இத்தேர்வுகளுக்கு வினாவிடைகளை மனப்பாடம் செய்வித்து, வேலை உறுதி என்று விளம்பரம் செய்யும் பயிற்சிக் கூடங்கள் எல்லா நகரங்களிலும் உள்ளன. கட்டணம் செலுத்துமுன் அவர்களின் ஆய்வகத்தைக் காட்டக் கேளுங்கள். எத்தனை சுவிட்சுகள், எத்தனை திசைவிகள், ஒரு மாணவர்க்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் அவற்றைத் தொட இசைவு உண்டு என்பவற்றைக் கேட்டாலே உண்மை விளங்கிவிடும்.

பொருள் செலவின்றியும் பெரும்பகுதி கற்கலாம். திசைவிகளையும் சுவிட்சுகளையும் திரையிலேயே இணைத்துப் பழக உதவும் பாக்கெட் டிரேசர் என்னும் மென்பொருள் மாணவர்க்கு இலவசமாகக் கிடைக்கிறது. மெய்நிகர்க் கணினி மென்பொருள் ஒன்றை நிறுவினால் ஒரே கணினியில் மூன்று சேவையகங்களை உண்டாக்கி, கெடுத்து, மீண்டும் எழுப்பலாம். ஆனால், இவை யாவும் உங்களுடைய கணினியில் மட்டுமே செய்யத்தக்கவை. பள்ளியின் வலையமைப்பிலோ அடுத்த வீட்டு வைஃபையிலோ இசைவின்றி நுழைதல் 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி தண்டனைக்கு உரியது. விளையாட்டாகச் செய்தோம் என்பது விடையாகாது. பிறர் மின்னஞ்சலைத் திறக்கும் ஆற்றல் பெற்றிருந்தும் திறவாதிருப்பவரே நிருவாகி ஆகத் தக்கவர்.

இத்தொழிலில் இரவுப் பணி உண்டு என்பதையும் மறைத்தல் ஆகாது. பலரும் உறங்கும் நேரத்தில்தான் சேவையகங்களைப் புதுப்பிக்க இயலும். திருவிழா நாளன்று அழைப்பு வரலாம். தொடக்க ஆண்டுகளில் கேபிள் இழுத்தலும் கடவுச்சொல் மறந்தோர்க்கு உதவுதலுமே பெரும்பாலான வேலையாக இருக்கும். அதனை இழிவாக எண்ணி விலகுவோர் சிலர். அப்பணியின்போதே கட்டடத்தின் எந்தக் கம்பி எங்கே செல்கிறது என்பதை வரைபடமாக்கிக்கொள்வோர் சிலர். பின்னாளில் பொறுப்புகள் தேடி வருவது இவர்களைத்தான்.

உலகிலுள்ள சேவையகங்களுள் பெரும்பங்கு லினக்சு இயங்குதளத்தில் இயங்குகின்றன. பின்லாந்து நாட்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் கல்லூரி மாணவர் 1991ஆம் ஆண்டில் தொடங்கிய முயற்சி அது. இதனைக் கற்பிக்கும் குறும்பாடங்களை மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் 'ஸ்போக்கன் டுடோரியல்' என்னும் திட்டத்தின்கீழ் ஒலி ஒளி வடிவில் இலவசமாக வழங்குகிறது. பல இந்திய மொழிகளில் அவை உள்ளன, தமிழிலும் உண்டு. ஒவ்வொரு பாடமும் சில நிமிடங்களே ஓடும். பாடத்தை ஒரு பக்கம் ஓடவிட்டு, மறுபக்கம் கட்டளைகளை நீங்களே இட்டுப் பழகலாம். அருகில் ஓர் ஏடு வைத்துக்கொண்டு, எந்த நாளில் எந்தக் கட்டளையை எதற்காக இட்டீர்கள், என்ன விளைந்தது என்பதைத் தமிழிலேயே எழுதிவாருங்கள். முதல் பக்கத்தில், உங்கள் வீட்டுக் கணினியின் முகவரி என்ன என்பதைக் குறிக்கலாம்.